ஆறு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர்

தனியார் காவலர்களுக்கென்று மத்திய அரசு 2006-இல் மாதிரி விதிகள் வகுத்தது. அந்த விதிகள் சொன்னபடி, ஆண் காவலர் 160 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். முழங்கால் முட்டக் கூடாது. தட்டைப் பாதம் ஆகாது. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடிக் கடக்க வேண்டும். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் தாத்தாவுக்கு நாற்காலியிலிருந்து கேட்டுக்கு வரவே அந்த ஆறு நிமிடம் ஆகும். திருடனே வந்தாலும் நின்று நின்று அலுத்துத் திரும்பிவிடுவான். இதுவும் ஒரு பாதுகாப்புதானே!

வயது 65-ஐத் தொட்டிருக்கக் கூடாது என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். ஏஜென்சி பாரத்தில் தாத்தாவுக்கு 58. போன தீபாவளிக்கும் 58. அதற்கு முந்தின தீபாவளிக்கும் 58.

வருகிறவர்களிடம் நோட்டை நீட்டுவார். பெயர், போன் நம்பர், எந்த வீடு, கையெழுத்து. ‘சிவாஜி கணேசன்’ என்று எழுதினாலும் “சரி சார், போங்க” என்பார். பெரிய காரில் கண்ணாடியை இறக்காமல் வருகிறவருக்கு நோட்டு கிடையாது, சல்யூட்தான். நடந்து வருகிறவர் வீட்டு ஓனரின் மாமனாரே ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனால் விதிகளில் இல்லாத வேலைகளில் தாத்தா கில்லாடி. விடியற்காலையில் மோட்டார் போடுவது, தண்ணி லாரிக்குச் சம்ப் மூடியைத் திறப்பது, கூரியர் வாங்கி வைப்பது, “வா, வா, ஒடிச்சு வா, போதும்!” என்று காரைத் தூணில் இடிக்காமல் எடுக்க வைப்பது. எந்த வீட்டுச் சாவி யாரிடம், எந்த மாமிக்கும் எந்த மாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அத்துப்படி. நோட்டில் இதெல்லாம் ஏறாது.

டூட்டி 12 மணி நேரம். ரிலீவர் வராவிட்டால் 24. அப்போது கொஞ்சம் கண்ணயர்ந்தால் போச்சு; மூன்றாம் மாடிக்காரர் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எங்கே போய்விட்டு வந்தார் என்று குழுவில் ஒருவரும் கேட்பதில்லை. தாத்தாவுக்குத் தெரியும், சொல்லமாட்டார்.

“கேமரா வெச்சுட்டா ஆள் எதுக்கு?” என்று அசோசியேஷன் கூட்டத்தில் செகரட்டரி ஆரம்பிப்பார். கேமராவும் வரும். அது மோட்டார் போடாது, லாரிக்காரரிடம் சண்டை போடாது என்பது மறுநாளே தெரிந்துவிடும். கடைசியில் தாத்தாவுக்கு ஒரு வேலை கூடும்: கேமராவை எவனும் கழற்றிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது. சம்பளம் மட்டும், அவர் வயதைப் போலவே, நின்ற இடத்தில் நிற்கும்.