யாரும் கண்டுகொள்ளாத குறுக்கீடு: ஒரு சிற்றாராய்ச்சி

லினக்ஸ் கெர்னலின் லாக்கில் எப்போதாவது தலைகாட்டும் வரி ஒன்று உண்டு: “ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்”. எண் மெஷினுக்கு மெஷின் மாறும், மனக்குறை ஒன்றே. கெர்னலுக்கு உணர்ச்சி கிடையாது என்று சாதிப்போர் இவ்வரிக்குத் தக்க விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள்.

கீபோர்டுக்கோ நெட்வொர்க் கார்டுக்கோ காரியம் ஆக வேண்டுமானால் அது பிராசஸருக்குக் குறுக்கீடு (ஐஆர்க்யூ) விடுக்கும். பிராசஸர் செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு உரிய ஹேண்ட்லரிடம் ஓடும். ஹேண்ட்லர் தூங்கலாகாது; நெடுநேரம் உழைக்கவும் ஆகாது. வந்த விஷயத்தைக் குறித்துக்கொண்டு, மெய்யான வேலையைப் ‘பாட்டம் ஹாஃப்’ வசம் தள்ளிவிட வேண்டும்.

சிக்கல் பழைய பிசிஐ லைன்களில். ஒண்டுக்குடித்தன வீட்டின் ஒற்றைக் காலிங்பெல் போல, ஒரே லைனைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும். குறுக்கீடு வந்ததும் கெர்னல் அந்த லைனிலுள்ள ஹேண்ட்லர்களை வரிசையாக எழுப்பி விசாரிக்கும். ஒவ்வொன்றும் தன் கருவியைப் பார்த்துவிட்டு “நம்மது இல்லை” என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது. ஆனால் தன்னைக் கவனிக்கும்வரை கருவி லைனை விடாது. ஹேண்ட்லர் திரும்பியதுமே மறுபடி குறுக்கீடு.

இதற்கும் விதி உண்டு. கெர்னல் 1,00,000 குறுக்கீடுகளை எண்ணும். அவற்றில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போயிருந்தால்தான் மேற்படி வரி அச்சாகும். அதாவது லட்சத்துக்கு 100 கவனிக்கப்பட்டால் நிர்வாகம் சீராக நடக்கிறது என்று பொருள். (இதைவிடக் கறாரான அலுவலகங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.) இன்னொரு நுட்பம்: கேட்பாரற்ற இரண்டு குறுக்கீடுகளுக்கு நடுவே பத்தில் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தால், புறக்கணிப்புக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூச்சு வாங்க நின்றவன் புகார் புகாரே அல்ல.

அந்த வரியைத் தொடர்ந்து, கைவிரித்த ஹேண்ட்லர்களின் பெயர்ப்பட்டியலும் அச்சாகும். அவற்றின்மேல் நடவடிக்கை கிடையாது. தண்டனை லைனுக்கு: “டிஸேபிளிங் ஐஆர்க்யூ #16”. ஒரு பாவமும் அறியாத யுஎஸ்பி கன்ட்ரோலர் அதே லைனில் இருந்தால் அதற்கும் வாய்ப்பூட்டு. பிறகு கெர்னலே நொடிக்குப் பத்துமுறை எட்டிப் பார்த்து “ஏதாவது உண்டா?” என்று கேட்டுப் போகும், மவுஸ் பாயிண்டர் தத்தித் தத்தி நகரும்.

புதிய கருவிகள் எம்எஸ்ஐ முறையில் தனித்தனி எண் வாங்கிக்கொண்டு இந்த வம்பிலிருந்து விலகிவிட்டன. மற்றவர்களுக்கு ‘நோபடி கேர்ட்’ வரியின் அடைப்புக்குறிக்குள்ளேயே பரிகாரம் உண்டு: ‘ஐஆர்க்யூபோல்’ சேர்த்து பூட் செய்து பார்க்கவும். செய்தால், கேட்பாரற்ற குறுக்கீடு ஒன்று வந்தாலும் மற்ற லைன்களின் ஹேண்ட்லர்களும் எழுப்பி விசாரிக்கப்படும். வராவிட்டாலும், டைமர் அடிக்கும்போதெல்லாம் எழுப்பப்படும்.