தண்டவாளமும் தண்டனையும்

கேள்வி: 'ரெயில்ரோட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் பிரயோகிக்கிறார்களே, இருப்புப்பாதைக்கும் அநியாயத்துக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: நெருங்கிய சம்பந்தம்தான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், குறுக்கே நின்ற நிலபுலன்களையும் ஆட்சேபங்களையும் ஒருசேர மிதித்துக்கொண்டு ரயில்பாதைகள் விரைந்து நீண்ட அந்த வேகத்திலிருந்தே, சாட்சியத்தைச் சரிவர விசாரியாமல் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கும், சபையில் விவாதத்துக்கு இடங்கொடாமல் மசோதாவை நிறைவேற்றுவதற்கும் அந்தப் பிரயோகம் பிறந்தது என்பர்.

உதாரணம் தேடிக் கப்பலேற வேண்டியதில்லை; உங்கள் சேலமே போதும். 1882-ல் அங்கே மூண்ட கலவரத்தைத் தூண்டியவர் என்று, அப்போது நகரசபை அங்கத்தினராயிருந்த வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார்மீது குற்றஞ்சாட்டி, 10 ஆண்டு அந்தமான் தண்டனையும் விதித்துவிட்டார்கள். அவரோ சென்னை ஹைக்கோர்ட்டில் அப்பீல் செய்து நிரபராதி என்று விடுதலையடைந்ததோடு நில்லாமல், தம்மை நகரசபையிலிருந்து நீக்கியதற்காக இந்தியா மந்திரிமீதே வழக்குத் தொடுத்து, 100 ரூபாய் நஷ்டஈடும் பெற்றார். 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்தவரும் இவரே.

அநியாய ரயிலில் ஏற்றப்பட்டவர்கள் உலகில் அநேகர்; பாதி வழியில் இறங்கி, கட்டணத்தையும் சர்க்காரிடமே வசூலித்துக்கொண்டு வீடு திரும்பியவர், எனக்குத் தெரிந்து, இந்தச் சேலத்து வக்கீல்தான்!