ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் ஆயிடும்

ஹெரால்டுக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தலையைக் குனிய வேண்டும். அப்புறம், "ஸ்போர்ட்ஸ் கார் எப்படிங்க இருக்குது?" என்று கேட்க வேண்டும். வெறும் "கார்" என்று கேட்டால் அவர் காதில் விழாது. "அந்தப் பழைய வண்டி" என்று வாய் தவறிவிட்ட ஒரு மச்சானுக்கு அன்றைக்கு மோர்கூடக் கிடைக்கவில்லை.

புள்ளலூரில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊருக்கு அவர் ஹெரால்டுக்காரர். வீடு ஹெரால்டு வீடு. மாடுகூட ஹெரால்டு மாடுதான். கொட்டகையைக் காருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் தலைமுறை தலைமுறையாக நனைந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பெயராவது மிஞ்சட்டுமே.

கொட்டகையில் நிற்பது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டை 1961 முதல் நம் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின். டாக்டர், வக்கீல், கொஞ்சம் வசதியான வாத்தியார் வீட்டுப் போர்ட்டிகோக்களில் சாதுவாக நின்ற வண்டி. அதை எந்தக் கணக்கில் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார் என்று ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். சாணம் மெழுகிய தரையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, 1962-ல ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்துது. அதோட சேஸிஸ் எதுன்னு நினைக்கிற? ஹெரால்டு சேஸிஸையே கொஞ்சம் வெட்டிக் குறைச்சது. ரெண்டையும் வரைஞ்சவர் ஒரே இத்தாலிக்காரர், மிக்கெலாட்டி. தம்பி கலெக்டரா இருந்தா அண்ணனை ஊருல சும்மா ஆளுன்னு சொல்லுவியா?"

சொல்ல முடியாதுதான். சோழவரத்து ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே புகை கக்கி ஓடின என்பது அவருடைய அடுத்த சாட்சி. இந்தக் குறிப்பிட்ட ஹெரால்டு ஓடிய அதிகபட்ச ரேஸ், வாலாஜாபாத் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஒரு கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனதுதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பஸ் போய்விட்டிருந்ததாம்.

இப்படி ஒருவர் எங்கள் ஊரில்தான் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். உங்கள் தெருவிலும் பாருங்கள். ஜாவா வைத்திருப்பார், லாம்பிரெட்டா வைத்திருப்பார், குறைந்தபட்சம் ஒரு வால்வு ரேடியோ. அடையாளங்கள் எளிது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பானர் இருக்கும். அதுவும் அங்குலக் கணக்கு ஸ்பானர். மில்லிமீட்டர் ஸ்பானரை நீட்டினால் காபியில் உப்பைப் போட்ட மாதிரி முகம் போகும். விரல் நகங்களுக்குக் கறுப்புக் கரை. எதையும் "போச்சு" என்று சொல்ல மாட்டார். "அது ஒரிஜினல்" என்பார். கதவின் ஓட்டை, சீட்டின் கிழிசல், துரு எல்லாமே ஒரிஜினல். வண்டி எப்போது ஓடும் என்று கேட்டால் பதில் ஒன்றே ஒன்று: "ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் ஆயிடும்." எந்த ஞாயிறு என்று கேட்கிறவன் உறவுக்காரனே இல்லை.

வண்டி நின்றது 1993-ல். அவர் ரிப்பேருக்கு உட்கார்ந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள். பிரேக்கிலிருந்து ஆரம்பித்திருக்கலாம், ஒயரிங்கைப் பார்த்திருக்கலாம். பெட்ரோல் வழியைப் பிடித்துக்கொண்டார். அதில் அவருடைய மேதைமை இருக்கிறது. டேங்கிலிருந்து குழாய், குழாயிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து கார்பரேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற வேலை அது. ஒன்றைச் சரிசெய்தால் அதுவரை வாய்மூடி இருந்த அடுத்தது பேச ஆரம்பிக்கும். ஓய்வு பெற்றவருக்கு இதைவிட நிரந்தர உத்தியோகம் அரசாங்கத்தாலும் தர முடியாது.

டேங்கைக் கழற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டார்ச் பிடித்தவன் நான். முப்பது வருஷப் பெட்ரோல் பெட்ரோலாக இருக்காது. லேசான பங்கு ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிவிடும். வெல்லப்பாகு நிறம், பழைய வார்னிஷ் வாசனை. அடியில் செம்மண் மாதிரி துரு. கையை விட்டுக் கழுவ முடியாது, உள்ளே தடுப்புத் தகடு. தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் போய்க் கெஞ்சி, டேங்குக்குள் ஒரு படி சிப்ஸ் ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு வாயை அடைத்து, அதைக் கோணியில் சுற்றிக் கலவை மிஷினுக்குள் கட்டிச் சுற்றவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க புள்ளலூரில் சனீஸ்வரனே உரல் இடிப்பது போல ஒரு சத்தம். துரு போயிற்று. துருதான் அடைத்துக்கொண்டிருந்தது என்பதால் ஆறு ஓட்டைகள் வெளியே வந்தன.

வெல்டிங் கடைக்காரர் டேங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "சாமி, எனக்குப் புள்ளகுட்டி இருக்குது" என்று கும்பிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. காலி டேங்கில்தான் ஆபத்து அதிகம். பெட்ரோலைவிட அதன் ஆவிதான் வெடிக்கும். கடைசியில் வென்னீரும் சோப்பும் விட்டுப் பலமுறை கழுவி, ஓட்டை இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேவரை தண்ணீர் நிரப்பி, மேலே ஆவிக்கு அதிகம் இடமில்லாமல் வைத்துத்தான் ஈயம் பற்றவைத்தார்கள்.

கொட்டகைப் பக்கம் யாராவது பீடியோடு வந்தால் ஹெரால்டுக்காரருக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வருமோ. "1780-ல இந்த ஊருல இன்னா நடந்துதுன்னு தெரியுமா?" என்பார். எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும், ஆனாலும் சொல்ல விடுவோம். செப்டம்பர் 10. கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இங்கேதான் வளைத்தார்கள். மைசூர்ப் படையின் நெருப்பு வெடிமருந்து வண்டிகள் மேல் விழுந்தது. அத்தோடு பெய்லியின் கதை முடிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அதைச் சித்திரமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். "ஒரு பொறி, தம்பி, ஒரே ஒரு பொறி! பீடிய அணை."

அவர் சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று உண்டு. அதே பெய்லி ஆகஸ்ட் 25-ல் கொற்றலை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான். தாண்டியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இக்கரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி மழை, ஆறு பெருகிவிட்டது, கிட்டத்தட்டப் பத்து நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் செப்டம்பர் 9 இரவு, காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்றோ கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால்தான். மறுபடியும் விடியட்டும் என்று நிறுத்தினார். விடிந்தது. (சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் வேறு மன்றோ. இவர் ஹெக்டர் மன்றோ. செய்தி வந்ததும் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கியவர்.) "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பது ஹெரால்டுக்காரரோடு பிறந்த சொல் இல்லை, மண்ணில் இருக்கிறது. பீரங்கி விஷயம் அவர் மனைவி, எங்கள் அண்ணிக்கு மட்டும் ரொம்பப் பிடிக்கும். "அந்த வெள்ளைக்காரனுக்கு இருந்த புத்தி உங்களுக்கு இல்லியே. நம்மூர்லயும் ஏரி கீதே" என்பார்.

டேங்குக்கு ஒரு வருஷம் என்றால் பம்ப்புக்கு ஒன்றரை. எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன பம்ப். உள்ளே ரப்பர் டயாஃப்ரம், ஏறி இறங்கிப் பெட்ரோலை இழுக்கும். பழையது அப்பளமாக நொறுங்கியிருந்தது. சென்னை புதுப்பேட்டைக்கு விடியற்கால பஸ்ஸில் போய், இரும்பு மலைகளுக்கு நடுவே மூன்று நாள் அலைந்து, வேறு ஏதோ வண்டியின் டயாஃப்ரத்தை ஓரம் வெட்டிப் பொருத்தினார். மூன்றே மாதத்தில் அதுவும் கொழகொழவென்று ஊறிப்போனது. விசாரித்தால், இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனாலாம். கரும்பிலிருந்தும் குருணை அரிசியிலிருந்தும் எடுப்பது. அது ஈரத்தை உறிஞ்சும். அறுபதுகளின் ரப்பரை இளக்கிவிடும். புதிய வண்டிகளின் ஹோஸ்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை, தாங்கும். ஹெரால்டுக்காரர் இதைக் குடும்ப மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். "எங்க வீட்டுல மூணு தலைமுறையா யாரும் தொட்டதில்ல. வண்டிக்குப் போய் குடிப்பழக்கம் வந்துடுச்சே!"

மெக்கானிக் பையன் கரன்ட் பம்ப் போட்டுவிடலாம் என்றான். அவனை அதற்கப்புறம் அந்தத் தெருவில் நான் பார்க்கவில்லை.

மாறாக, வெயில் காலத்தில் பம்ப் சூடாகிக் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி நின்றால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் தயாராக ஓர் ஈரத்துணி இருந்தது. அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். கார் இன்னும் ஒரு அடி நகரவில்லை, அதற்குக் காய்ச்சல் வந்தால் போட நெற்றிப்பற்றுத் துணி மடித்து வைத்தாயிற்று.

கார்பரேட்டர் வேலை சமையலறைக்குள் நடந்தது. பித்தளைச் சாமான்களுக்குப் புளியை மிஞ்சிய மருந்தில்லை என்று ஊறவைத்தார். அந்த வாரம் எங்கள் தெருவில் ஹெரால்டு வீட்டில் மட்டும் மோர்க்குழம்பு. ஜெட் துளைகளை ஊசியால் குத்தக்கூடாது. துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் வண்டி பெட்ரோலை வாளியில் குடிக்கும். காற்றடித்துத்தான் ஊத வேண்டும். சைக்கிள் கடைக்குத் தினமும் ஒரு ஜெட்டை டப்பாவில் வைத்து, நகைக்கடைக்குப் போகிறவர் மாதிரி எடுத்துப் போனார். பித்தளை மிதவை மிதக்காமல் முழுகியது. அதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி: வென்னீரில் அமுக்கினால் குமிழி வரும். அண்ணி இட்லிக் குண்டானில் தண்ணீர் வைத்து, மூடியைத் திறந்தபோது உள்ளே அது கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குண்டான் கொட்டகைக்குக் குடிபோனது.

எல்லாம் பூட்டியாயிற்று. செல்ஃப் அடித்தால் எஞ்சின் பிடிக்கும்; நாலு நிமிஷம் நன்றாகவே ஓடும்; அப்புறம் இருமி நின்றுவிடும். நாலு நிமிஷம்தான் கணக்கு. அரைமணி கழித்து அடித்தால் மறுபடி நாலு நிமிஷம். பம்ப் மூன்றுமுறை அவிழ்ந்தது. கார்பரேட்டர் ஐந்துமுறை. கடைசியாக டேங்கையே தள்ளிவைத்துவிட்டு, தோட்டத்து மாடு ஜுரத்தில் கிடந்தபோது வாங்கிய குளுக்கோஸ் பாட்டிலைக் கழுவி, பெட்ரோல் நிரப்பி, கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டு டியூப்பை நேராகக் கார்பரேட்டருக்குக் கொடுத்தார். ஓடியது! பாட்டில் தீரும் வரை ஓடியது. பார்த்தவர்களுக்குத் தர்மாஸ்பத்திரி ஞாபகம் வந்தது; அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகையால்.

ஆக, பழி டேங்கின் மேல். மறுபடியும் கொத்தனாரைத் தேடிப் போகும் யோசனையில் அவர் இருந்தபோது, நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பெட்ரோல் மூடியைத் திருகினாள். "உஸ்ஸ்" என்று பெருமூச்சு விட்டது டேங்க். மூடியில் காற்று நுழைய ஒரு துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தால்தான் பம்ப்பால் இழுக்க முடியும். அந்தத் துளையை ஒரு குளவி மண் வைத்து அழகாகப் பூசியிருந்தது. மூன்று வருஷ ரிப்பேரில் அவர் கழற்றித் துடைக்காத ஒரே சாமான் அந்த மூடி. குரோமியம் பூச்சு போகாமல் ஒரிஜினலாக இருந்ததாம்.

பேத்தி தென்னந்துடைப்பக் குச்சியால் மண்ணைத் தட்டிவிட்டாள். சாவியைத் திருப்பினார்கள். ஹெரால்டு நாலு நிமிஷம் ஓடியது, பத்து நிமிஷம் ஓடியது. தெரு முழுக்கக் கொட்டகை வாசலில். பின்சீட்டில் அடைகாத்திருந்த கோழி எழுந்து, கணக்கு முடித்துக்கொண்டு நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமையும்கூட.

ஹெரால்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி காதைச் சாய்த்துக்கொண்டு எஞ்சினையே பார்த்தபடி நின்றார். பிறகு தானே சாவியை அணைத்தார். பையிலிருந்து ஸ்பானர் வெளியே வந்தது.

"இன்னாண்ணே, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது தம்பி. ஸ்லோவுல ஒரு சின்ன தடுமாட்டம் கேட்டியா? நீ டார்ச்ச பிடி."