புள்ளி தொற்றாது, புரளிதான் தொற்றும்!

கே: வெண்புள்ளி உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா?
- இல்லத்தரசி, கரூர்

ப: ஒட்டாது. தட்டு, துண்டு, சீப்பு, கட்டில் எதன் வழியாகவும் வராது. இதில் கிருமியே கிடையாது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே, தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களைத் தாக்கி அழித்துவிடுகின்றன. தாராளமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள்.

கே: தாத்தா இதைக் குஷ்டம் என்கிறாரே?
- மாணவர், தேனி

ப: பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. அதனால் தோலில் விழும் திட்டில் உணர்ச்சி மங்கியிருக்கும். வெண்புள்ளியின் மேல் ஈ உட்கார்ந்தாலும் தெரியும். தொழுநோய்க்கும் அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு, குணமாகும். ஆக, இருவரில் எவரையும் ஒதுக்கக் காரணமில்லை.

கே: பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்துவிட்டது. ஏன்?
- ஆசிரியை, விருதுநகர்

ப: ஸ்டிக்கர் பொட்டை இன்றே நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள பி.டி.பி.பி. என்ற ரசாயனம் நிறமி செல்களைக் கொல்லக்கூடியது. பொட்டின் அளவுக்கே நெற்றியில் வெள்ளை வட்டம் விழும். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்திலும் சிலருக்கு இப்படி ஆகும். நிறுத்திய பிறகு நிறம் திரும்புவதும் உண்டு. பரவினால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்கிறார்களே?
- வியாபாரி, சேலம்

ப: வேண்டாம். அதிலுள்ள சோரலன் வெயில் பட்டால் வீரியம் கொள்ளும். அளவு தப்பினால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். மருத்துவர்கள் புறஊதாக் கதிரை அளந்து, பெரும்பாலும் வாரம் இரண்டு மூன்று முறை தருகிறார்கள். களிம்புகள் உண்டு. ஓராண்டாவது பரவாமல் நின்ற புள்ளியில் நிறமி செல்களை எடுத்து நடும் அறுவை சிகிச்சையும் உண்டு. முகத்தில் நிறம் சீக்கிரம் திரும்பும். விரல் நுனியும் உதடும் பிடிவாதம் பிடிக்கும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, ஆரம்பத்திலேயே போய்விடுங்கள்.

கே: மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் வருமா?
- வாசகர், தூத்துக்குடி

ப: அதற்கு ஆதாரம் இல்லை. வெண்புள்ளி இருந்தால் மீனைத் தள்ளி வைக்காதீர்கள், தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். வெண்புள்ளியும் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது உண்டு.

கே: பெண் பிடித்திருக்கிறது. ஆனால் அவள் அக்காவுக்கு வெண்புள்ளி. சம்பந்தம் வைக்கலாமா?
- மணமகனின் தந்தை, நாமக்கல்

ப: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட, ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வந்தது ஏறக்குறைய 23 சதவீதம்தான் என்கிறது ஓர் ஆய்வு. அப்படியிருக்க, அக்காவின் தோலைப் பார்த்துத் தங்கையை வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? தேதி குறியுங்கள். அக்காவுக்கும் ஒரு நல்ல வரன் தெரிந்தால் சொல்லுங்கள். அவருடைய கல்யாண வாழ்க்கைக்கும் எந்தத் தடையும் இல்லை.

கே: ஜூன் 25ஐ ஏன் உலக வெண்புள்ளி தினமாக வைத்தார்கள்?
- கல்லூரி மாணவி, திருச்சி

ப: 2009இல் மைக்கேல் ஜாக்சன் மறைந்த நாள் அது. வெள்ளையாக ஆசைப்பட்டுத் தோலை மாற்றிக்கொண்டார் என்று உலகம் பேசியது. தனக்கு வெண்புள்ளி என்று அவர் 1993இல் தொலைக்காட்சியில் சொன்னார், பலர் நம்பவில்லை. பிரேதப் பரிசோதனை அதை உறுதி செய்தது. உயிரோடு இருக்கும்போதே நம்புவதுதான் மரியாதை.

கே: என் மகள் அரைக்கைச் சட்டை போடவே மறுக்கிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், மதுரை

ப: கட்டாயப்படுத்தாதீர்கள், மறைக்கவும் சொல்லாதீர்கள். கையை மூடுவதா, காட்டுவதா என்பது அவள் முடிவு. வகுப்பாசிரியரிடம் மட்டும் நீங்கள் பேசிவிடுங்கள். விசேஷ வீடுகளில் "இன்னும் சரியாகலையா?" என்று விசாரிக்கும் உறவினரிடம், "நல்லா படிக்கிறா, அதைக் கேளுங்க" என்று அவள் எதிரிலேயே சொல்லுங்கள். களிம்பு வேலை செய்ய மாதங்கள் ஆகும். இந்த ஒரு வாக்கியம் அன்றைக்கே வேலை செய்யும்.