எண்ணூறுக்குள் ஓர் ஆயிரம்

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் ரயில்வேயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் பாதையில். கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் பாதையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய், அங்கே வண்டி மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். வீடு ஒன்றில், வேலை இன்னொன்றில் என்று அமைந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு ஒரே வழி சாலைதான்: வெங்கல், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், கவரப்பேட்டை. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் ஷிஃப்ட் விழுந்தால் பெரியபாளையத்தம்மனே பார்த்து வழிவிட்டால்தான் உண்டு.

இந்தச் சாலைக்கு என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. புதிதாக வந்தபோதே நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன்தான். அதில் எத்தனை குதிரைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது புதுவாயலில் ஜி.என்.டி. சாலை ஏறும்போது தெரிந்துவிடும். ஆந்திரா பக்கம் போகும் பதினாறு சக்கர லாரிக்காரர் ஹாரன் அடிக்கக்கூட மாட்டார். பரிதாபப்பட்டு ஒதுங்கிப் போவார். பின்னால் நீலப்புகை வேறு. பெட்ரோல் பங்கில் "ஆயிலா, பெட்ரோலா சார்?" என்று பையன் கேட்க ஆரம்பித்தபோதுதான் வீட்டில் விவாதம் தொடங்கியது.

என் மனைவியின் யோசனை எளிமையானது. நான் வேலை செய்வது கம்பி ஆலையில். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: லாரி லாரியாகப் பழைய இரும்பு உள்ளே போகும், மின்உலையில் உருகும், பில்லெட்டாக வார்க்கப்படும், ரோலிங் மில்லில் முறுக்குக் கம்பியாக வெளியே வரும். நசுக்கிக் கட்டிய பழைய கார்களும் அந்தக் குவியலில் இருக்கும். நேற்று பானெட், இன்று பில்லெட், நாளை யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குள் கம்பி.

"என்னங்க, அதை உங்க மில்லுலயே போட்டுடுங்க. நம்ம மாடிக்குக் கம்பியாவது வரும்" என்றாள்.

இந்த நேரத்தில்தான் மச்சான் வந்தான்.

மச்சான் சோழவரத்துக்காரன். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார்ப் பந்தயம் நடத்திய ஊர் அது. இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வரும்வரை சோழவரம்தான் இந்திய வேகத்தின் தலைநகரம். பழைய ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் தொழிற்சாலை நினைத்தே பார்க்காத வேகத்தில் அங்கே பறந்திருக்கின்றன. மச்சான் பிறந்து விவரம் தெரிவதற்குள் பந்தயங்கள் நின்றுவிட்டன. ஆனாலும் தன் ரத்தத்தில் பெட்ரோல் ஓடுவதாக அவன் நம்புகிறான். அவனுடைய பைக் எப்போதும் ரிசர்வில்தான் ஓடும் என்பது வேறு விஷயம்.

"மாமா, இதுல ஜென் இன்ஜின் போட்டா எங்கயோ போயிடும்."

"எங்கே போகும்?"

"கும்மிடிப்பூண்டிக்குத்தான். ஆனா சீக்கிரம் போகும்."

கையிலிருந்த போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். ஜென் இன்ஜின் 993 சிசி. நாலு சிலிண்டர். அலுமினிய பிளாக். ஐம்பது குதிரைக்குக் குறையாது. அதுவும் மாருதி, இதுவும் மாருதி. அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதில் என்ன தப்பு? கார் மொத்தம் அறுநூற்றைம்பது கிலோதான். "நீங்க ஏறினா எழுநூத்தி முப்பது ஆகுது, அது வேற."

இது முறையான காரியமா என்று கேட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மச்சானுக்குப் படிப்பு வரவில்லை. ஆனால் கார் சரித்திரம் வரும்.

"மாமா, இந்த நாட்டுல கம்பெனிக்காரங்க செஞ்சதே இதுதான்" என்று ஆரம்பித்தான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸ்ஸாவைக் கொண்டு வந்தது. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர். உள்ளே அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின். பெரிய பங்களா கட்டிவிட்டு நாற்பது வாட்ஸ் பல்பு போட்ட கதை. சில வருடங்கள் கழித்து ஜப்பான் இஸுஸுவின் 1800 சிசி இன்ஜினை வைத்த பிறகுதான் அது ஓட ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே இஸுஸு இன்ஜினை அம்பாசடருக்குள்ளும் இறக்கினார்கள். நம் பெரியவர்கள் நிதானத்துக்கு உதாரணமாகச் சொல்லும் அந்த வண்டி, ஒரே இரவில் இந்தியாவின் வேகமான கார்களில் ஒன்றாகிவிட்டது. பிரேக்குக்கு மட்டும் இந்தச் செய்தி போய்ச் சேரச் சற்றுத் தாமதமானதாகச் சொல்வார்கள். பிரீமியர் கம்பெனி 1985-ல் விட்ட 118 என்.இ.: ஃபியட் 124-இன் உடம்பு, நிஸானின் 1171 சிசி இன்ஜின். இத்தாலிய உடலில் ஜப்பானிய உயிர். பிறந்த ஊர் பம்பாய்.

"நம்ம ஊர்க் கதையைச் சொல்லட்டா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்தக் கதை எனக்கும் தெரியும். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985-ல் வெளியிட்ட ஸ்டாண்டர்ட் 2000. இதைப் போன்ற இன்னொரு இன்ஜின் மாற்றம் தமிழ்நாட்டில் நடக்கவில்லை, இனி நடக்கவும் கூடாது. உடம்பு ரோவர் எஸ்.டி.1, 1977-ல் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக்கான கார் என்று பட்டம் வாங்கியது. இங்கிலாந்தில் அதற்கு மூன்றரை லிட்டர் வி8 வைத்தார்கள். சென்னையில் அதைத் தூக்கிவிட்டு, 1991 சிசி ஸ்டாண்டர்ட் வான்கார்டு இன்ஜினை இறக்கினார்கள். அது நாற்பதுகளில் வரைபடம் போட்ட இன்ஜின். அதன் நெருங்கிய உறவினர்கள் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதவர்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து ரோவர் வாங்கியதாக நினைத்தவர்கள், சிக்னலில் பச்சை விழுந்ததும் ஏர் பிடிக்கும் மாட்டின் நிதானத்தை அனுபவித்தார்கள். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் வி8-இன் குடும்பக் கௌரவத்தை அது காப்பாற்றியது. மூன்று, நான்கு வருடங்களில் வண்டியும் நின்றது. கம்பெனியின் கார்த் தொழிலும் அதோடு முடிந்தது.

மச்சானின் முடிவுரை இதுதான்: கம்பெனி செய்தால் புது மாடல், நாம செஞ்சா மட்டும் குத்தமா?

யோசித்துப் பார்த்தால் எங்கள் திருவள்ளூர்க் கார்த் தொழிற்சாலையே அப்படித்தான். அதிகத்தூரில் 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு பஜேரோ, செடியா என்று ஜப்பானியப் பெயர்களாக ஓடியது. இப்போது அதே இடத்திலிருந்து பிரெஞ்சு சிட்ரோயன் வருகிறது. அதற்கு இன்ஜின் ஓசூரிலிருந்து வருகிறது. கட்டடம் அப்படியே இருக்க, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இதற்கு ஊரில் யாரும் யாரிடமும் ஆர்.சி. புக்கைக் காட்டச் சொல்லவில்லை. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரைப் பெஷோ கம்பெனி 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. வெறும் பெயர்! அதற்கு இன்ஜின் என்ற பேச்சே எழவில்லை.

மச்சான் சும்மா பேசிவிட்டுப் போகிறவன் இல்லை. அடுத்த வாரம் ஒரு குட்டி யானையில் ஜென் இன்ஜின் வந்து வாசலில் இறங்கியது. சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தைச் சரக்கு. கியர் பாக்ஸோடு சேர்த்து. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி மாமா." புதுப்பேட்டையில் விற்கிற எல்லா இன்ஜினையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருப்பார். அவ்வளவு வண்டி ஓட்டிய டாக்டர் எப்போது நோயாளியைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

சிப்காட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனோம். பாய் இன்ஜினைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார் படிச்சவருதானே?" என்றார்.

"இறக்கி ஏத்தறதுதானே பாய்" என்றான் மச்சான்.

பாய் கைவிரல்களை மடக்க ஆரம்பித்தார். மவுண்ட் ஒத்து வராது. புதிதாக வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். கியர் பாக்ஸ் வேறு, ஆகவே டிரைவ் ஷாஃப்ட் நீளம் பார்க்க வேண்டும். எண்ணூறின் ரேடியேட்டர் நாலு சிலிண்டர் சூட்டைத் தாங்காது. சைலன்சர் பைப் வளைக்க வேண்டும். வயரிங், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள். முன்னால் எடை கூடுவதால் ஸ்பிரிங். வேகம் கூடுவதால் பிரேக். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். அந்தத் தொகைக்கு ஒரு முழு ஜென் காரே வாங்கிவிடலாம். டாக்டர் கூட இலவசமாக வருவார்.

"இதெல்லாம் செஞ்சிடலாம் சார், அது என் பொழப்பு" என்றார் பாய். "ஆர்.சி. புக்குல என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல."

அதில் இன்ஜின் நம்பர் இருந்தது. 796 என்று சிசியும் இருந்தது. பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது நம்பரைப் பென்சில் தேய்த்து எடுத்துப் பார்ப்பார்கள். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தையே ஐயாயிரமாக உயர்த்தினார்கள். அங்கே போய் மூன்று சிலிண்டர் காரின் பானெட்டைத் திறந்து நாலைக் காட்ட வேண்டும்.

அன்றிரவு மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1988-ஆம் வருடச் சட்டம், 52-வது பிரிவு. தயாரித்தவர் முதலில் சொன்ன விவரத்துக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் வேறுபாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே பிரிவில் ஒரு சலுகையும் இருக்கிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவருக்கு, முன் ஒப்புதல் இல்லாமலே இன்ஜின் மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம். அப்போதும் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினாகத்தான் இருக்க வேண்டும்.

மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டான்.

"நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. இன்னும் ஒம்போதுதானே மாமா?"

வேறு எரிபொருளுக்கு மாற, அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்திக்கொள்ள அதே பிரிவு வழிவிடுகிறது என்பதையும் வாய் தவறி வாசித்துவிட்டேன். அவன் கண்கள் மின்னின. "அப்ப பேட்டரி போட்டுடலாமா?" என்றான். அவன் அக்கா உள்ளேயிருந்து தோசைக்கரண்டியோடு வந்ததால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

கடைசியில் வழி சொன்னவர் பாய்தான். "இந்த எண்ணூறு இன்ஜினுக்கு என்ன சார் குறை? கோயம்புத்தூர்ல கரிவரதன்னு ஒருத்தர் இருந்தாரே, இதே இன்ஜினை வெச்சு ரேஸ் காரே செஞ்சாரு." உண்மைதான். எண்பதுகளின் இறுதியில் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார்; ஃபார்முலா மாருதி என்று பெயர். பின்னாளில் பெரிய பந்தயக்காரர்களான எத்தனையோ பிள்ளைகள் அந்த மூன்று சிலிண்டரில்தான் அரிச்சுவடி படித்தார்கள். சோழவரத்து ரத்தத்துக்கு இதற்குமேல் பதில் இல்லை.

பாய் இன்ஜினை இறக்கினார். லேத்தில் ரீபோர் அடித்து, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ரிங், வால்வு, ஆயில் சீல் எல்லாம் புதிதாக்கி, அதே இடத்தில் அதே மவுண்டில் உட்கார வைத்தார். புகை நின்றது. புதுவாயலில் லாரிக்காரர்கள் இப்போது மரியாதையாக ஹாரன் அடிக்கிறார்கள்.

மச்சான் மட்டும் கணக்குப் போட்டான். பழைய பிஸ்டன் விட்டம் 68.5 மில்லிமீட்டர், இப்போது 69. ஸ்ட்ரோக் 72. மூன்று சிலிண்டருக்கும் பெருக்கினால் கிட்டத்தட்ட 808 சிசி. இத்தனை வருடமாக எண்ணூறு என்று பெயர் வைத்துக்கொண்டு நாலு சிசி கடன் வைத்திருந்த கார், கடனை வட்டியோடு அடைத்துவிட்டது. "இதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லணுமா மாமா?" என்று கேட்டான். பாய் அவசரமாக ஸ்பேனர் தேடப் போய்விட்டார்.

ஜென் இன்ஜின் இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்கு போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. ஆலையில் போட்டுவிடலாம் என்றால் அலுமினியம். எங்கள் உலை இரும்பைத்தான் சாப்பிடும். ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 993 சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் மாடல், கியர் பாக்ஸோடு விற்பனைக்கு. ஓட்டியவர் டாக்டர். வருகிறவர் ஜென் காரின் ஆர்.சி. புக்கைக் கையோடு கொண்டு வர வேண்டும், ஆர்.டி.ஓ. ஒப்புதலை அவரே வாங்கிக்கொள்ள வேண்டும். மாருதி 800 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். மச்சான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து யாரும் வர வேண்டாம்.