முன்னாள் பிரதமர், பிள்ளைச்சாவடி

என் பொதுவாழ்க்கை பதினெட்டு வயதில் முடிந்துபோயிற்று. அதற்குள் வகுப்புத் தலைவி, குழந்தைகள் பாராளுமன்றப் பிரதமர், பள்ளி நடத்திய மாதிரிப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருத்திக்குப் போதுமான பதவிகளைப் பார்த்துவிட்டேன். ஓட்டுப் போடும் வயது வந்ததும் எல்லாம் ஓய்ந்தது. எனக்கு மட்டும் இப்படி ஆகியிருந்தால் ஜாதகம் என்று விட்டிருப்பேன். புதுச்சேரி முழுக்கவே கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லாமல் போனபோது, கோளாறு என் கட்டத்தில் இல்லை என்று தெரிந்தது.

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கொஞ்ச தூரம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. அந்த இடத்தில்தான் பிள்ளைச்சாவடி. அடுத்தது பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு. நகராட்சிக் கணக்கில் நாங்கள் உழவர்கரை. எங்களுக்கும் நகராட்சிக்கும் நடுவே இன்னொரு மாநிலம் இருக்கிறது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவேதான் எதுவும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு அரிசி வந்தது, பாய் வந்தது, பைபர் படகு வந்தது. ஜனநாயகமும் அந்த வண்டியில்தான் வந்து இறங்கியது. எனக்கு அப்போது பதினொரு வயது. தொண்டு நிறுவனத்து அக்கா ஒருவர், முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பாராளுமன்றம் என்று கணக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலை, வலை பின்னும் கூடத்தில் தேர்தல். நிற்பவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆளுக்கொரு பால் டப்பா. பிடித்தவர் டப்பாவில் கிளிஞ்சல் போட வேண்டும். எண்ணி முடித்தபோது நான் பிரதமர். சுகாதாரம், கல்வி, நிதி, விளையாட்டு, சுற்றுச்சூழல் என்று தோற்றவர்களுக்கெல்லாம் இலாகா கொடுத்து மந்திரிசபையை அமைத்தோம். கூட்டணி தர்மம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது.

பதவி வீட்டு வாசலோடு சரி. “இன்னா பிரதமரே, தண்ணி வந்துடுச்சு, கொடத்த எடு” என்பாள் அம்மா.

அதே நாட்களில் கோயில் வாசலில் இன்னொரு சபை கூடிக்கொண்டிருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து. வலைத் தகராறு, திருவிழாக் கணக்கு, புருஷன் பெண்டாட்டி சண்டை, நிவாரணப் பங்கு, தெண்டம் எல்லாம் அங்கேதான். பேச வேண்டுமானால் ஆணாக இருக்க வேண்டும், ஊருக்கு வரி கட்ட வேண்டும். அண்ணன் கடலுக்குப் போகத் தொடங்கியதும் அவன் பேர் வரிக் கணக்கில் ஏறியது. எந்தத் தேர்தலிலும் நிற்காதவன், ஒரு கிளிஞ்சல்கூட வாங்காதவன், மணலில் சம்மணம் போட்டு ஊர் விவகாரம் பேசினான். பிரதமரான நான் வேலியோரம் நின்று காது கொடுத்தேன்.

2006இல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அதற்கு முந்தையது 1968இல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி, அதுவும் நீதிமன்றம் வரை போய்த்தான் நடந்தது. அப்பாவுக்கே அது முதல் கவுன்சிலர் தேர்தல். தாத்தா மட்டும் “மேர் எலெக்சன் மாரியா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணை போட்டு, தங்கள் இந்தியப் பகுதிகளில் பத்து கொம்யூன்களை, அதாவது நகராட்சிகளை, உண்டாக்கினார்கள். உழவர்கரை அதில் ஒன்று. அந்தத் தேர்தல்களில் அடிதடிக்குப் பஞ்சமில்லை, நெடுங்காலம் பெண்களுக்கு ஓட்டில்லை. ஆனாலும் நகராட்சித் தலைவராக மேர் என்று ஒருவர் இருந்தார்.

கவுன்சிலர் வந்ததும் எங்கள் மந்திரிசபைக்கு முதல்முறையாக ஒரு முகவரி கிடைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் ஒரு தெருவிளக்கு நெடுநாளாக எரியவில்லை. தீர்மானம் எழுதி, அமைச்சர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நேராகக் கவுன்சிலர் வீட்டுக்கே போனோம். படித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தினார். வாங்கி வைத்துக்கொண்டார். விளக்கு எரிந்தது. நகராட்சிகள் குறித்த அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தத்தைப் பற்றி நான் பிற்பாடு படித்த எதுவும் அந்த விளக்கைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு. அது அணைந்தபோது ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து, “நீங்க யாரும்மா?” என்றார். முன்னாள் பிரதமர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “பொதுமக்கள்” என்றேன். ஒற்றை ஆளாக நின்றுகொண்டு பன்மையில் பதில் சொன்னதற்கு அவர் சிரித்தார். பதின்மூன்று வயதில் என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

பள்ளியில் மாதிரிப் பாராளுமன்றம் என்று ஒன்று உண்டு. 1966இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கி நாடெங்கும் பரவிய திட்டம். கேள்வி நேரம், பூஜ்ய நேரம், மசோதா, எல்லாவற்றுக்கும் வசனம் உண்டு. எதிர்க்கட்சித் தலைவராக எனக்கு வெளிநடப்பு. எந்த வரிக்குப் பிறகு எழ வேண்டும், எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும், வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்று திரும்ப வேண்டும் என்பதுவரை சார் ஒத்திகை பார்த்திருந்தார். அப்போது அது நாடகம் என்று நினைத்தேன். இப்போது தொலைக்காட்சியில் நிஜ சபையைப் பார்க்கிறபோது, சார் நன்றாகத்தான் தயார் செய்திருக்கிறார் என்று படுகிறது.

எங்களைக் கீழூருக்கும் அழைத்துப் போனார்கள். 1954 அக்டோபர் 18 அன்று அங்கேதான் புதுச்சேரியின் தலையெழுத்தைத் தீர்மானிக்க வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் பொதுமக்கள் அல்லர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். அதில் 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள். நினைவுத் தூண் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நகராட்சி உறுப்பினர்களின் ஓட்டால் இந்தியாவுக்கு வந்த ஊர், வந்து சேர்ந்தபின் அவர்களைத் தேர்ந்தெடுப்பதையே மறந்துவிட்டது. தோணியில் கரையேறியவர்கள் தோணியை விறகாக்கிய மாதிரி.

எனக்கு 2011இல் பதினெட்டு முடிந்தது. அதே ஆண்டில் 2006 மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. நானும் வாக்காளர் அட்டையைப் பத்திரமாக வைத்துக் காத்திருந்தேன். உள்ளாட்சியில் நிற்க 21 வயது வேண்டும். அதுவும் 2014இல் ஆனது. அந்த ஆண்டு புதுச்சேரியில் ஒரு தேர்தல் நடக்கத்தான் செய்தது: வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் தங்களுக்கான உள்ளூர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அறுபது ஆண்டுக்கு முன் கப்பலேறிப் போன அரசாங்கம் இங்கே இருக்கும் தன் ஆட்களுக்கு ஓட்டுப்பெட்டி வைத்தது. அதே ஆண்டு நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மாளிகை, இடிந்து விழுந்தது.

மாளிகையை உலக வங்கிப் பணத்தில் பழைய அச்சிலேயே மீண்டும் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்துவைத்தார். நான் அல்ல, நிஜப் பிரதமர். அதற்கு மூன்று நாள் முன்புதான் முதலமைச்சர் நாராயணசாமியின் அமைச்சரவை பதவி விலகியிருந்தது. ஆக, நகராட்சிக்குத் தலைவர் இல்லை, மாநிலத்துக்கு முதலமைச்சர் இல்லை, கட்டடம் மட்டும் வெள்ளை வெளேரென்று தயார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதியும் அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டில் குழப்பம் என்று விவகாரம் நீதிமன்றம் போனது. தேதியை மாற்றினார்கள். மறுபடியும் நீதிமன்றம். தேர்தல் நின்றது.

ஒருகாலத்தில் எங்களை ஆண்ட பிரான்ஸில், ஷில்டிகைம் என்ற ஊரில் 1979இல் சிறுவர்களுக்கென ஒரு நகர மன்றம் தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் அப்படி நிறைய மன்றங்கள் உண்டு. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. எங்களுடையது அதைவிட முன்னேறிய மாதிரி: பெரியவர்களுக்கான மன்றமே தேவைப்படவில்லை.

என் மந்திரிசபை இப்போது சிதறிக்கிடக்கிறது. சுகாதார அமைச்சர் மருந்துக்கடையில் நிற்கிறாள். நிதியமைச்சர் ஏலச்சீட்டு நடத்துகிறாள், கணக்கு சுத்தம். விளையாட்டு அமைச்சர் துபாயில். பாவம், சுற்றுச்சூழல் அமைச்சர்தான். “கடல் அரிப்பை உடனே தடுக்க வேண்டும்” என்று அவன் கொண்டுவந்த தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. கடலுக்கு நகல் அனுப்பவில்லை. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கில் கரை கரையத் தொடங்கியது. ஒரு குப்பத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். அங்கே தூண்டில் வளைவு போட்டால் அதற்கடுத்த ஊர் கேட்கும். தமிழ்நாட்டுக் குப்பங்களை வரிசையாகத் தாண்டி அரிப்பு எங்களிடம் வந்தது. இரண்டு அரசாங்கங்களும் எல்லை பார்த்துக் கல் போட்டன. அமைச்சரின் வீடு கடலுக்குள் போனது. ஊரார் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தபோது பேசுவதற்கு யார் யாரோ வந்தார்கள். ‘உங்கள் வார்டு உறுப்பினர் நான்’ என்று சொல்லிக்கொண்டு வர மட்டும் ஆள் இல்லை.

அண்ணன் மகளைப் போன வருஷம் பள்ளியில் மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நெஞ்சில் பேட்ஜ். “அத்தை, நம்ம வார்டு கவுன்சிலர் பேரு இன்னா? ப்ராஜெக்ட்டுக்கு எழுதணும்” என்று வந்து நின்றாள். கோடு போட்டு விடச் சொன்னேன். பிறகு யோசித்து, தீர்மானம் எழுதும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன்: தேதி, வந்தவர்கள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கையெழுத்து. “எதுக்கு அத்தை இதெல்லாம்?” என்றாள். கைவேலை மறந்துபோகக் கூடாதே என்றேன்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பாடப்புத்தகத்தில் அவளும் படித்திருக்கிறாள். குடவோலையில் பேர் எழுத 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். மனையைக் கடலிடம் இழந்தவர்களைச் சோழர்களும் சேர்க்க மாட்டார்கள். இன்றைய சட்டம் அவ்வளவு கறாரில்லை. 1968க்கும் 2006க்கும் இடையே விட்ட அதே இடைவெளியை விட்டால் அடுத்த தேர்தல் 2044இல் வரும். எனக்கு 51 வயது ஆகியிருக்கும். வேட்பாளருக்கு உச்ச வயது வரம்பு இருக்கிறதா என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். இல்லை. அண்ணன் மகளைத்தான் முன்மொழியச் சொல்லியிருக்கிறேன்.