எந்தக் கல்லிலிருந்து அளப்பது?

அன்புள்ள மாமாவுக்கு,

'நான்', 'எனக்கு' என்று எழுதினால் புலம்பல் மாதிரி இருக்கிறதாம், வீட்டில் சொல்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் மருமகனைப் பற்றி வேறு யாரோ எழுதியதாக நினைத்துப் படியுங்கள்.

உங்கள் மருமகன் ஓக்லஹோமாவுக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை என்றால் விளக்கு, சாம்பிராணி என்றே பழகிய ஆள். இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் பள்ளிக்கூட ஃபுட்பால். உங்கள் பேத்தி கிளாரினெட் வாசிக்கும் பேண்டு, இடைவேளையில் சில நிமிஷம்தான் மைதானத்தில் நிற்கும். அதைப் பார்க்க, குளிர்ந்த அலுமினியப் பலகையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்.

ஃபுட்பால் என்று பேர், காலால் உதைப்பது எப்போதாவதுதான். கபடியில் பந்தைக் கொடுத்து, தலைக்கவசமும் மாட்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். போய்விட்டால் மறுபடி நாலு. இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. இவ்வளவுதான் ஆட்டம், மீதியெல்லாம் மஞ்சள் துணி.

யாராவது தப்பு செய்தால் நடுவர் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவித் தரையில் எறிவார். இதைக் கண்டுபிடித்தவர் யங்ஸ்டவுன் கல்லூரியின் பயிற்சியாளர் டுவைட் பீடி. அதற்கு முன்னால் நடுவர்கள் ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தார்கள்; அந்தச் சத்தம் அவருக்கு ஆகவில்லை. 1941இல் அவர் மனைவி, மகளின் பழைய ஹாலோவீன் உடையிலிருந்து சிவப்புத் துணியும் படுக்கை விரிப்பிலிருந்து வெள்ளைத் துணியும் கிழித்து, பறக்காமல் விழக் கனமும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். மஞ்சள் நிறம் பிற்பாடு வந்தது. கணவன் சொன்ன உடனே மகள் உடையைக் கிழிக்கும் மனைவியைப் பற்றி உங்கள் மருமகனுக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை இந்த வீட்டில் இருந்து எழுதுவதற்கில்லை.

தண்டனை 5 கஜம், 10 கஜம், 15 கஜம் என்று தப்பைப் பொறுத்து ஏறும். பந்து ஆட்டத்துக்கு வருமுன் அசைந்தால் 5. எதிராளியைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினால் 10. முகக் கம்பியைப் பிடித்து முறுக்கினால் 15. கோல் கோடு பக்கத்தில் இருந்தால் மிச்ச தூரத்தில் பாதி. இது வரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை. எங்கிருந்து அளப்பது என்பதில்தான் மண்டை உடையும்.

வாய்க்கால் கரை நிலத்தை அளக்க சர்வேயர் வந்த அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா மாமா? நிலத்தின் அளவில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சங்கிலியை எந்தக் கல்லில் பிடிப்பது என்றுதான் பெரியப்பா செருப்பைக் கழற்றினார். இங்கேயும் அதே கதை. பந்தை வைத்திருக்கும் அணியில் ஒருவன், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்கு 12 கஜம் பின்னால் எதிராளியைப் பிடித்துவிட்டான் என்று வையுங்கள். பல காலமாக அந்த இடத்திலிருந்தே 10 கஜம் பின்னே அளந்தார்கள். மொத்தம் 22 கஜம் போச்சு. செய்த தப்புக்கு இது அதிகம் என்று தோன்றி, 2023இல் பள்ளிகளுக்கான தேசிய விதிப்புத்தகம் இப்படிப்பட்ட பெரும்பாலான தப்புகளுக்கு அளவைத் தொடங்கிய கோட்டுக்கே மாற்றிவிட்டது.

கல்லை மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2014 நவம்பர், மாநிலப் போட்டியின் காலிறுதி. ஓக்லஹோமா நகரத்து டக்ளஸ் பள்ளி, லோகஸ்ட் குரோவ் பள்ளியிடம் 19-20 என்று பின்தங்கியிருந்தது. 64 விநாடி மிச்சம் இருக்கும்போது டக்ளஸ் பையன் ஒருவன் பந்தோடு ஓடி, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான், 25-20. அவனோடு சேர்ந்து எல்லைக் கோட்டோரம் சந்தோஷத்தில் ஓடிய பயிற்சியாளர் ஒருவர் நடுவர் மேல் இடித்துவிட்டார். விழுந்தது மஞ்சள் துணி. இடித்தது தப்புதான். ஆனால் களத்தில் ஆடாத ஆள் செய்த தப்பு, நடந்த ஆட்டத்தை அழிக்காது. டச்டவுனைக் கொடுத்துவிட்டு, அடுத்த உதையில்தான் கஜத்தைக் கழித்திருக்க வேண்டும். நடுவர்களோ டச்டவுனையே அழித்துவிட்டார்கள். டக்ளஸ் தோற்றது.

நடுவர்கள் தப்பு செய்தது உண்மை என்று மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முடிவை மாற்ற மட்டும் விதியில் இடமில்லை என்றது. பள்ளி நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது: கடைசி 64 விநாடியையாவது மறுபடி ஆட விடுங்கள், இல்லை முழு ஆட்டத்தையும் ஆட விடுங்கள். அரையிறுதியே தள்ளிப்போனது. ஆட்டத் தகராறு கோர்ட்டில் தீர ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லி நீதிபதி டிசம்பரில் மனுவைத் தள்ளிவிட்டார். உங்கள் மருமகன் நீதிபதி பக்கம்தான். ஆனாலும் அந்த ஓடின பையனை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், இந்த வருஷம் சங்கிலி பிடிக்க ஆள் போதவில்லை என்று பெற்றோர்களிடம் கேட்டார்கள். உங்கள் மருமகன் கையைத் தூக்கிவிட்டான். இரண்டு கம்பு, நடுவே 10 கஜம் சங்கிலி. அதில் துணி கிளிப் மாதிரி ஒன்றை, பக்கத்தில் இருக்கும் ஐந்து கஜக் கோட்டுக்கு நேராக மாட்டி வைப்பார்கள். போன வாரம் ஒரு பையன் பத்து கஜம் தாண்டியதைப் பார்த்ததும் உங்கள் மருமகன் உற்சாகத்தில் கம்பைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினான். திரும்பிப் பார்த்தால் பின்னால் துணி கிடக்கிறது. ஆட்டம் செல்லாது; சங்கிலி பழைய இடத்துக்கே வர வேண்டும். பழைய இடம் எது? மறு கம்பைப் பிடித்திருந்த கிழவர் ஒன்றும் பேசாமல் கிளிப்பைக் கோட்டில் வைத்து, சங்கிலியை இழுத்து நேராக்கினார். நடுவர் கிட்டே வந்து, 'நான் சொல்கிற வரைக்கும் கம்பு அசையக்கூடாது சார்' என்றார். அந்த 'சார்' இன்னும் காதில் கேட்கிறது.

பொங்கல் கபடியில் நீங்கள் ஊதிய ஒரு விசிலுக்கு மேலத்தெருப் பையன்கள் துரத்த, வைக்கோல் படப்புக்குள் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தீர்களே, அதை அத்தையிடம் சொல்லிச் சிரித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆட்டம். சங்கிலியில் உங்கள் மருமகன். இந்த ஊரில் வைக்கோலைக்கூட இறுக்கி உருட்டிப் பிளாஸ்டிக் சுற்றி வைத்துவிடுகிறார்கள், உள்ளே நுழைய முடியாது. காரை வெளிவாசலைப் பார்த்து நிறுத்துவதாக இருக்கிறான்.

இப்படிக்கு,
மருமகன்